வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனம் அந்த வருஷத்தில் நடக்காவிட்டால்?

பொருநைக்கரை (பாளையங்கோட்டை), இழையைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேரில் யாரிடமும் கேட்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகிறது. குழந்தை இல்லை. ஐவிஎஃப் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, பணமும் உடம்பும் தாங்காமல் நிறுத்திவிட்டோம். ஜெபத்தை மட்டும் நிறுத்தவில்லை. முந்தின வருஷம் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து என் மனைவி எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று ஆளுக்கு ஒரு வசனம்) சங்கீதம் 113:9 வந்தது. “மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்கி, வீட்டிலே குடியிருக்கப்பண்ணுகிறார்.” அவள் அங்கேயே முழங்கால் போட்டு அழுதாள். சில வாரம் கழித்து, கன்வென்ஷனுக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் எங்களை முன்னால் கூப்பிட்டு, தலையில் கைவைத்து, “அடுத்த வருஷம் இந்நேரம் உங்கள் கையில் பிள்ளை இருக்கும் என்று கர்த்தர் சொல்லுகிறார்” என்றார். பந்தல் முழுக்க ஆமென் சொன்னது.

அந்த “இந்நேரம்” வந்து போய்விட்டது.

இப்போது அவள் ஞானஸ்நானம் இருக்கிற ஞாயிறுகளில் கோயிலுக்கு வருவதில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அம்மா, “அறிக்கை செய்யாத பாவம் ஏதும் இருக்கான்னு யோசிச்சுப் பாரு” என்றாராம்.

நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. அந்த வசனம் எங்களுக்கு வந்ததா, இல்லையா? கோபத்தோடு ஆண்டவரிடம் பேசலாமா?

விசுவாச வீரன்

கலங்காதீங்க பிரதர். ஆபிரகாம் 75 வயசுல வாக்குத்தத்தம் வாங்கி 100 வயசுல ஈசாக்கைப் பார்த்தார். 25 வருஷம்! எரேமியா 29:11-ஐ, “தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே”ங்கிற வசனத்தை, அறிக்கை பண்ணிக்கிட்டே இருங்க. உங்க அற்புதம் வாசல்ல நிக்குது. அவிசுவாச வார்த்தை மட்டும் வாயிலிருந்து வரக்கூடாது.

நைட் டியூட்டி (குவைத்)

நான் பிரசவ வார்டில் வேலை செய்கிற நர்ஸ். அந்த அம்மா சொன்ன “அறிக்கை செய்யாத பாவம்” என்ற பேச்சைத்தான் முதலில் எடுக்கிறேன்.

உலகத்தில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பாதித் தம்பதிகளிடத்தில் காரணம் ஆண் பக்கமும் இருக்கிறது. ஆனால் நம் சபைகளில் பாவத்தைத் தேடச் சொல்வது பெண்ணிடம் மட்டும்தான். லூக்கா 1:6, 7 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்கள், தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள் என்று எழுதிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அவர்களுக்குப் பிள்ளையில்லை என்று எழுதியிருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு கொடுத்த நற்சான்று இல்லை அது. பிறப்பதற்கு முன்னாலேயே கொடுத்தது.

ஜெபித்து ஜெபித்து வந்த தாயின் குழந்தை இறந்தே பிறந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆண்டவரை நினைக்கவே நினைக்காதவர்களுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததையும் பார்த்திருக்கிறேன். விசுவாசத்தின் அளவுக்குத் தக்கபடி பிள்ளை பிறந்து நான் பார்த்ததில்லை. இதை எழுதுவதால் என் விசுவாசம் போய்விடவில்லை. ஒவ்வொரு டியூட்டிக்கும் ஜெபித்துவிட்டுத்தான் வார்டுக்குள் போகிறேன்.

விசுவாச வீரன் அண்ணா, ஆபிரகாம், அன்னாள், எலிசபெத்து என்று கடைசியில் கிடைத்தவர்களையே எண்ணுகிறோம். மோசேயும் கேட்டான். யோர்தானைக் கடந்து அந்த நல்ல தேசத்தைப் பார்க்கவேண்டும் என்று மன்றாடினான். “போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்” என்பதுதான் பதில் (உபாகமம் 3:26). பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. இவர்களை ஏன் சாட்சி நேரத்தில் யாரும் சொல்வதில்லை?

பழைய வாத்தியார்

தம்பி பொருநைக்கரைக்கு. உங்கள் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளும்.

சீட்டுப்போட்டு வசனம் எடுக்கிற பழக்கம் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சபையாரிடம் 1728-ல் வேரூன்றியது. 1731-ஆம் வருஷத்துக்கு அதைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள், இன்றுவரை வெளிவருகிறது. அங்கே அன்றைய வசனம் எல்லாருக்கும் ஒன்று. விதவைக்கும் அதுதான், மாப்பிள்ளைக்கும் அதுதான். அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு எப்படி வாழ்வது என்று யோசிப்பார்கள். நம்மிடம் அது ஆளுக்கு ஓர் அட்டையாகி, வருஷ பலன் போல ஆகிவிட்டது. உங்கள் மனைவி அழுததில் தவறே இல்லை. அந்த வசனத்துக்கு ஒரு தேதியைக் கட்டிவிட்டவர்கள் மற்றவர்கள்.

இனி எரேமியா. 29:11-ஐ வீட்டு வாசலில் எழுதி மாட்டுகிறோம். 28-ஆம் அதிகாரத்தை யாரும் வாசிப்பதில்லை. அங்கே அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி, ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்திருக்க, பாபிலோன் கொண்டுபோன எல்லாம் இரண்டு வருஷத்துக்குள்ளே திரும்பி வரும் என்று கர்த்தரின் பெயரால் சொல்கிறான். எரேமியா அவனைத் திட்டவில்லை. “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அது கர்த்தர் சொன்னதல்ல. ஜனங்களைப் பொய்யை நம்பப்பண்ணினான் என்பதே அனனியாவின்மேல் வந்த குற்றச்சாட்டு. அவன் அதே வருஷம் செத்தான்.

இதற்கு அடுத்ததாகத்தான் 29-ஆம் அதிகாரத்துக் கடிதம். கி.மு. 597-ல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதியது. அதில் சொன்ன காலம் 70 வருஷம். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய மூப்பர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்? அநேகமாக ஒருவரும் இல்லை. பாபிலோனைப் பிடித்த பெர்சிய ராஜா கோரேசு ஜனங்களைப் போகவிட்டது கி.மு. 538-ல். “தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற வார்த்தை, பாபிலோன் மண்ணிலேயே அடக்கம்பண்ணப்படப் போகிறவர்களுக்குச் சொன்ன வார்த்தை. அதுவரைக்கும் என்ன செய்யச் சொன்னார்? வீடு கட்டு, தோட்டம் போடு, அதன் கனியைச் சாப்பிடு, நீ இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம்பண்ணு. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்காராதே என்பதுதான் இதன் பொருள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வசனத்தை எழுதியவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. 16:2-ல் கர்த்தரே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். எருசலேமைக் கல்தேயர் (பாபிலோனியர்) முற்றுகை போட்டிருந்த வேளையில், காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடந்த அந்த மனுஷன், ஆனதோத்தில் 17 சேக்கல் வெள்ளி எடைபோட்டுக் கொடுத்து ஒரு நிலம் வாங்கினார். பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். பத்திரம் எழுதிக் கொடுத்த கையோடு, “ஆண்டவரே, நகரம் கல்தேயர் கையில் போகிறதே, நிலத்தை வாங்கு என்கிறீரே” என்று கேட்கவும் செய்தார். பிறகு அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வயலில் அவர் ஒரு படி தானியம் அறுத்ததாக வேதத்தில் இல்லை.

வன்னி (கிளிநொச்சி)

அண்ணா, கோவத்தோட கதைக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். நான் அதுக்கு மட்டும் எழுதுறன்.

என்ர தம்பியைக் கடைசியாக் கண்டது 2009 மே மாதம், சண்டை முடியிற நேரம், வட்டுவாகலில. அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரிஞ்சால் அதுக்கேத்த மாதிரி அழலாம். 2017 பெப்ரவரி 20 தொடங்கி கந்தசுவாமி கோயிலடியில, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையள் எங்கை எண்டு கேட்டு, தாய்மார் படத்தோட போராட்டம் இருந்தவை. எங்கட அம்மாவும் போய் இருந்தவ. அவவைப்போல கன அம்மாமார் பதில் இல்லாமலே கண்ணை மூடிட்டினம்.

எங்கட சபையில முதல்ல ஒருத்தர் சொன்னார், “அவன் ஆண்டவரிட்டப் போயிட்டான் எண்டு விசுவாசிச்சு விடுங்கோ” எண்டு. இன்னொருத்தர், “கட்டாயம் வருவான், விசுவாசியுங்கோ” எண்டார். ரண்டு பேரும் விசுவாசம் எண்டுதான் சொன்னவை. அம்மா ரண்டையும் ஏற்கேல்ல. பதின்மூண்டாம் சங்கீதத்தைத்தான் ஒவ்வொரு இரவும் வாசிப்பா. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” சில நாள் அந்த முதல் வரியோட வேதத்தை மூடி வைச்சிடுவா. கடைசி வசனத்தில துதி இருக்கு, அது வரைக்கும் வாசியுங்கோ அம்மா எண்டு நான் சொன்னா, “அது எனக்கு இன்னும் வரேல்ல பிள்ளை, வந்தாப் பிறகு வாசிக்கிறன்” எண்டுவா.

அவ ஆண்டவரை விடேல்ல. விட்டிருந்தா ஆரிட்டக் கேக்கிறது? கோவம் இருக்கிற இடத்தில உறவும் இருக்கு எண்டுதான் நான் நினைக்கிறன்.

பொருநைக்கரை

அக்கா, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் தம்பி பெயரைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? பெயர் சொல்லி ஜெபிக்க விரும்புகிறோம்.

விசுவாச வீரன்

எனக்கு இந்தப் போக்கு பயமா இருக்கு. வேதனையை நான் மறுக்கல. எங்க அம்மாவும் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ்லதான் இருக்காங்க. ஆனா “எவ்வளவாகிலும் சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன்” அப்படின்னு யாக்கோபு 1:6 சொல்லுது. நடக்காமப் போகலாம்னு முன்னாடியே மனசைத் தயார் பண்ணிட்டா அது விசுவாசமா? அற்புதம் செய்யுற தேவன் இன்னைக்கும் மாறல. புலம்பல் புலம்பல்னு சொல்லி ஜனங்களைக் கேட்கவிடாமலே பண்ணிடாதீங்க.

நைட் டியூட்டி

அம்மாவுக்காக ஜெபிக்கிறேன் அண்ணா. வாரம் முழுக்க மெஷினோடு வாழ்கிற வேதனை எனக்குத் தெரியும்.

கேட்க வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. நான் இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் யாக்கோபு அந்த இடத்தில் ஞானத்தைக் கேட்பதைப் பற்றிப் பேசுகிறார், 1:5-லிருந்து வாசித்துப் பாருங்கள். அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற சாத்ராக்கும் மேஷாக்கும் ஆபேத்நேகோவும், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்ன அதே மூச்சில், “விடுவிக்காமற்போனாலும்” என்றும் சொன்னார்கள். அதை அவிசுவாசம் என்று யாராவது சொல்வோமா? எங்கள் ஊர்ப் பக்கம், சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையை மறக்கவே முடியாது. கிறிஸ்மஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு ஜெபிக்க வந்தவர்கள் கடற்கரையில் நின்றார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாசரேத் மண்

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் எல்லாரும் கேட்டிருப்போம். அயர்லாந்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தாராம். காலையில் கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண். பிறகு நம் ஊர்ப் பெண்போலச் சேலை கட்டிக்கொண்டு, மீட்கவேண்டிய பிள்ளைகளைத் தேடிப் போனபோது அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்று முடிப்பார்கள். நல்ல கதை, உண்மையும்கூட.

ஆனால் அவர் வாழ்க்கையின் அடுத்த பாதியை அவ்வளவு சொல்வதில்லை. 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள். டோனாவூர் முழுக்க ஜெபித்தது. 1951 ஜனவரி 18-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அந்த அறையில் கட்டிலிலேயே இருந்தார். நீலக் கண்ணுக்கு விளக்கம் கிடைத்தது. அந்தக் குழிக்கு என்ன விளக்கம்? கட்டிலில் இருந்துதானே அத்தனை புத்தகம் எழுதினார் என்பார்கள். எழுதினார்தான். அதற்காகத்தான் ஆண்டவர் காலை ஒடித்தார் என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? விளக்கம் இல்லாமலே அவர் ஆண்டவரை நேசித்தார். எனக்கு அந்த ஏமி அம்மையார்தான் அதிகம் தேவைப்படுகிறார்.

பொருநைக்கரை

இது அவர் கணக்கிலிருந்து அவர் மனைவி எழுதுவது.

எல்லாப் பதிவையும் வாசித்தேன். என்னைப் பற்றி இத்தனை பேர் பேசுவதில் முதலில் கூச்சமாக இருந்தது. ஒன்றைத் திருத்தவேண்டும். ஞானஸ்நான ஞாயிறுகளில் நான் வராமலிருப்பது ஆண்டவர்மேல் உள்ள கோபத்தால் அல்ல. அந்தக் குழந்தைகளைப் பார்க்கப் பொறாமையும் இல்லை. ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, “ராசியா இருக்கட்டும், அடுத்தது நீதான்” என்பார். சுற்றி நிற்கிற எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சிரிக்கவேண்டும். அந்தச் சிரிப்புக்குத்தான் என்னிடம் பலம் இல்லை.

என்னை அன்னாள் என்று கூப்பிடாதீர்கள். அன்னாளின் கதையில் எனக்குப் பிடித்தது சாமுவேல் பிறந்தது அல்ல. 1 சாமுவேல் 1:18. பிள்ளை இன்னும் இல்லை, வாக்கு மட்டும்தான். அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைத்தான் நான் கேட்கிறேன். என் நெஞ்சில் இருப்பதை முழுக்கக் கொட்டிவிட்டு, பதில் வருவதற்கு முன்னாலேயே பசியோடு உட்கார்ந்து சாப்பிட.

சங்கீதம் 113-ஐ நான் இப்போது வாசிப்பதில்லை. வாசிக்கவேண்டுமா?

பழைய வாத்தியார்

மகளே, வாசிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அதில் கடைசிவரைக்கும் வெளிச்சம் வராது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்றே முடியும். அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார்.

என்றைக்காவது 113-க்குத் திரும்பினால் இதை மட்டும் நினைத்துக்கொள். 113 முதல் 118 வரை யூதர்கள் பஸ்கா இரவில் பாடுகிற அல்லேல் சங்கீதங்கள். கடைசி இராப்போஜனம் முடிந்து அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறது. உன் அட்டையில் இருந்த அந்த வரியும் அன்றிரவு நம் ஆண்டவர் வாயில் இருந்திருக்கும். அதைப் பாடிவிட்டு எங்கே போனார்? கெத்செமனேக்கு. அங்கே பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று மூன்று தரம் கேட்டார். பாத்திரம் நீங்கவில்லை.

கிராம போதகர் (தூத்துக்குடிப் பக்கம்)

சகோதரி எழுதியதை வாசித்தபின் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேதி குறித்துச் சொன்ன அந்த ஊழியக்காரர் விஷயத்தில் உபாகமம் 18:22 தெளிவாக இருக்கிறது. கர்த்தரின் நாமத்தினால் சொன்னது நடவாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. ஆகவே கர்த்தர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் பெயரை ஒருவர் எடுத்துக்கொண்டார். தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்ற பவுலே, எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்றும் அடுத்த வரியில் சொல்கிறார். அந்தச் சோதிக்கும் வேலை சபையின் மூப்பர்களுடையது. கண்ணீரோடு முன்னால் நிற்கிற தம்பதியின் தலையில் அதை ஏற்றக்கூடாது. ஏசாயா 56-ல் பிள்ளையில்லாத அண்ணகர்களுக்கு, குமாரர் குமாரத்திகளைப் பார்க்கிலும் உத்தம கீர்த்தியைத் தம் ஆலயத்தில் கொடுப்பேன் என்கிறார் கர்த்தர். பிள்ளை கொடுப்பேன் என்று அங்கே சொல்லவில்லை. ஆலயத்தில் இடம் கொடுக்கிறார். அந்த இடத்தை நாம்தான் ஞாயிறுதோறும் சகோதரியிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

எங்கள் சேகரத்தில் வருகிற மாதம் முதல் சாட்சி நேரத்தில், இன்னும் பதில் கிடைக்காதவர்களும் எழுந்து பேசலாம் என்று அறிவிக்கப் போகிறேன். “கர்த்தர் எனக்குச் செய்தார்” என்று மட்டும் அல்ல, “கர்த்தர் இன்னும் செய்யவில்லை, நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று சொல்லவும் சபையில் இடம் வேண்டும். யாராவது இப்படி நடத்திப் பார்த்திருக்கிறீர்களா?

மார்த்தாண்டம்காரி

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வெள்ளிதோறும் செய்கிறோம் ஐயா. நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறேன்.

பேசி முடித்தவருக்கு உடனே வசனம் சொல்லக்கூடாது என்பதுதான் முதல் விதி. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்ததுவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகு சொன்னதற்குத்தான் கர்த்தர் கோபப்பட்டார். ஆகவே ஒருவர் பேசியதும், அவர் பெயரைச் சொல்லி ஒரே ஒருவர் ஜெபிப்பார், அதுவும் சின்ன ஜெபம். பிறகு ஒரு சங்கீதம் வாசிப்போம். துதி சங்கீதம் வேண்டுமா, புலம்பல் வேண்டுமா என்று பேசியவரே சொல்வார். சபை முழுக்க இருக்கிற ஆராதனையில் இது கஷ்டம், மைக்கில் பேச நிறையப் பேருக்கு வாய் வராது. சின்னக் கூட்டமாக ஆரம்பியுங்கள். மறு வாரம் பேசியவரிடம் போய் “இப்ப எப்படி, சரியாயிடுச்சா” என்று யாரும் கேட்கக்கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

ஒரு சிக்கல் எங்களுக்கும் தீரவில்லை. பிள்ளைக்காகக் காத்திருக்கிற இரண்டு பேர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். அதே கூட்டத்தில் ஒரு தங்கச்சிக்கு இப்போது ஏழாம் மாசம். அவள் தன் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு வருகிறாள், அது அவளுக்கும் நியாயமில்லை. இரு பக்கத்தையும் ஒரே அறையில் வைத்து எப்படி ஜெபிப்பது? பொருநைக்கரை அக்கா, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லுங்கள். வருகிற வெள்ளிக்கு முன்னால் தெரிந்தால் உதவியாக இருக்கும்.